தேயிலைப் பெட்டியில் முளைத்த கீரை

எங்கள் மூன்றாவது குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவியை ரிக்‌ஷாவில் அழைத்து வந்தபோது அவள் மடியில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. வீட்டுக்குள் வந்தாள், பாயை விரித்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிள்ளை பெற்ற உடம்பு, கொஞ்ச நாள் கிடந்துவிட்டு எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மழைக்காலம் வந்து போனது. அவள் எழுந்திருக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் எனக்கு எடை போடும் வேலை. கிட்டங்கி என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. இங்கே பண்டிகசாலை என்பார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன் நான். கல்யாணம் ஆனதும் அவளையும் கூட்டி வந்துவிட்டேன். யூதர்களின் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு சந்தில் வரிசையாக ஓட்டு வீடுகள்; அதில் ஒன்று எங்களுடையது. ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்பக்கம் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு முற்றம். முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாய். கடல் ஏறுகிற நாட்களில் அதில் உப்புத் தண்ணீர் தளும்பும். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் அப்போதுதான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். சின்னவளுக்கு மூன்று வயது.

அம்மா எழுந்திருக்காத வீட்டில் பிள்ளைகள் என்ன சாப்பிடும்? காலையில் நான் ஒரு கஞ்சி வைப்பேன். அடிப்பிடித்த கஞ்சி. மத்தியானத்துக்குப் பக்கத்து வீட்டுச் சேச்சி தன் பிள்ளைகளோடு இவர்களுக்கும் ஒரு வாய் போடுவார். சாயங்காலம் சந்து முனைச் சாயாக்கடையில் பன்னும் சாயாவும். சின்னவளுக்கு வாய் ஓரத்தில் புண் வந்தது. பெரியவள் கொட்டாவி விட்டபடியே பள்ளிக்கூடம் போனாள். கிட்டங்கியில் தராசுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம், இப்போது வீட்டில் யார் அழுகிறதோ என்றே எனக்கு மனசு ஓடும்.

என் மனைவியைத் திட்டிப் பார்த்தவன் இல்லை நான். கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். "இந்தா, எந்திச்சு ஒரு வாய் குடி" என்று கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு மடக்குக் குடிப்பாள், திரும்பிக்கொள்வாள். குளிக்க வைத்தால் குளிப்பாள். பிள்ளைகள் மேலே ஏறி விழுந்தால் தள்ளிவிட மாட்டாள், அணைத்துக்கொள்ளவும் மாட்டாள். பேச்சு அனேகமாக நின்றுவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் கஞ்சியை வைத்துவிட்டு எழுந்தபோது, சுவரைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்:

"எங்க ஊர்ல இந்நேரம் கத்தரி காய்ச்சிருக்கும்."

அவ்வளவுதான். நான் அப்படியே நின்றுவிட்டேன். பெரியவள் ஓடிவந்து, "அம்மா மிண்டிச்சு! அப்பா, அம்மா மிண்டிச்சு!" என்று கத்தினாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்து மலையாளம் அப்படி நாக்கில் ஏறியிருந்தது. அம்மா பேசிவிட்டாள் என்கிறாள். நான் மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, உங்க அண்ணன் தோட்டத்துல காய்ச்சிருக்கும். இங்கயும் போடுவோமா?" என்று கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் தோட்டம் போட்டேன். அவள் கண் முன்னால் கத்தரி காய்த்தால் எழுந்து வந்து பார்ப்பாள் என்று ஒரு நினைப்பு. வேறு எதையும் பிடித்துக்கொள்ள எனக்கு இல்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போய் விதை வாங்கி வந்தேன். கத்தரி, வெண்டை, சிவப்புக் கீரை. ஞாயிற்றுக்கிழமை முற்றத்தைக் கொத்தினோம். மண் கறுப்பாக, சேறாக வந்தது. ஓட்டுத்துண்டும் சிப்பியும் உடைந்த பீங்கானும் கலந்த மண். சின்னவள் சிப்பிகளைப் பொறுக்கித் தன் பாவாடையில் கட்டிக்கொண்டாள். விதை போட்டோம். கீரை மட்டும் முளைத்தது. நூல் போல எழுந்து, இரண்டு இலை விட்டு, ஓரம் கருகி, அப்படியே படுத்துவிட்டது.

சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்த சேச்சி சொன்னார்: "இவிட மண்ணுல ஒண்ணும் பிடிக்கில்லா. மண்ணு முழுக்க உப்பாணு. நீங்க எத்தனை வெள்ளம் ஒழிச்சாலும் கழுகிப் போகில்லா."

எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அந்த உப்பு போகாது என்கிறார். தண்ணீர்தான் எங்கே இருந்தது? தெருக்குழாயில் தண்ணீர் வருவதே பெரிய காரியம். வரும்போது சந்து முழுக்கக் குடங்கள் வரிசையில் நிற்கும்.

எங்கள் தெருவில் தேயிலைக் கிட்டங்கி ஒன்றும் இருந்தது. உள்பக்கம் ஈயத்தாள் ஒட்டிய மரப்பெட்டிகளில் மலையிலிருந்து தேயிலை வந்து இறங்கும். உடைந்த பெட்டிகளை வாசலில் போட்டு வைத்திருப்பார்கள். கேட்டால் கொடுத்தார்கள். நான் தலையில் ஒரு பெட்டி, பெரியவள் கையில் ஒரு மூடி, சின்னவள் ஒரு கிழிந்த ஈயத்தாளைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு என்று ஊர்வலமாக வீட்டுக்கு வந்தோம். செங்கல் அடுக்கி அதன்மேல் பெட்டிகளை ஏற்றி வைத்தேன். கால்வாய்த் தண்ணீர் சுவர் வழியாகக் கசிந்து வந்தாலும் பெட்டியைத் தொடாது.

மண் களமசேரியிலிருந்து வந்தது. எங்கள் கிட்டங்கிச் சாக்குகளோடு வாரத்தில் ஒரு தடவை அந்தப் பக்கம் லாரி போகும். அங்கே ஏதோ தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டிச் செம்மண்ணைக் குவித்துப் போட்டிருந்தார்கள். லாரி டிரைவர் நல்ல மனுஷர். திரும்பும்போது நாலு சாக்கு மண் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார். சந்து முனையில் லாரி ஹாரன் கேட்டதும் பிள்ளைகள் ஓடும். சாக்கை அவிழ்த்துக் கொட்டியபோது பெரியவள் அந்த மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, "நம்ம ஊர் வாசனையாப்பா இது?" என்று கேட்டாள். அவள் ஊரைப் பார்த்தது கைக்குழந்தையாக இருந்தபோது. "ஆமா" என்று சொல்லிவைத்தேன்.

உரத்துக்கு ஒரு யோசனை செய்தேன். தோப்பும்படி துறைமுகத்தில் மீன் கழிவு சும்மா கிடைக்கும் என்று யாரோ சொல்ல, ஒரு தகர டின் நிறைய மத்தித் தலைகளை வாங்கி வந்து மண்ணில் புதைத்தேன். மறுநாள் மட்டாஞ்சேரியில் உள்ள பூனை எல்லாம் எங்கள் முற்றத்தில் இருந்தது. காக்காய் வேறு. பெட்டிகளைக் கிளறித் தள்ளிவிட்டன. சந்துக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் முறையிட்டார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. உள்ளே படுத்திருந்தவள் காதில் அந்தச் சிரிப்பு விழுந்திருக்கும். நான் எட்டிப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை மூக்கின் மேல் போட்டுக்கொண்டிருந்தாள். அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுபடி விதை போட்டோம். இந்தத் தடவை பால்காரரிடம் வாங்கிய சாணி உரம். தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகள் வேலை. அரிசி களைந்த தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் எதுவும் வீணாகக் கூடாது என்று பெரியவள் சட்டம் போட்டாள். சின்னவள் வாய் கொப்பளிப்பதைக்கூட ஓடிப்போய்ப் பெட்டியில்தான் கொப்பளித்தாள்.

"அப்பா, நோக்கு! நோக்கு! முளைச்சாச்சு!" என்று ஒரு நாள் காலையில் பெரியவள் கத்தினாள்.

சிவப்புக் கீரைதான் முதலில். செம்மண்ணுக்கு மேலே ரத்தச் சிவப்பில் புள்ளி புள்ளியாக. பெரியவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "வாம்மா, ஒரு தடவை வந்து பாரும்மா." அவள் கையை உருவிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

கீரை ஒரு சாண் வளர்ந்ததும் முதல் அறுவடை. அன்று நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சமைத்தோம். எனக்குத் தெரிந்த சமையல் ரொம்பச் சுருக்கம். பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லாத வேலையாகப் பிரித்துக் கொடுத்தேன். சின்னவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து இலை ஆய்ந்தாள். தண்டை எல்லாம் இலைப் பக்கமும் இலையை எல்லாம் தண்டுப் பக்கமும் போட்டாள். பெரியவள் அம்மியில் பூண்டைத் தட்டினாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துப் பற்றவைத்து, நல்லெண்ணெயில் கடுகு, வற்றல், பூண்டு. கீரையைப் போட்டதும் சோற்றுச்சட்டி நிறைய இருந்தது அப்படியே சுருங்கி ஒரு கைப்பிடியாகிவிட்டது. சின்னவள் அழ ஆரம்பித்தாள். யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள்.

சோற்றில் பிசைந்தபோது சோறு ரோஜா நிறமானது. பெரியவள் ஒரு தட்டில் கொஞ்சம் வைத்து உள்ளே கொண்டுபோனாள்.

"அம்மா, நாங்க வளத்த கீரை. நாங்களே சமைச்சது."

நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். பிறகு, "பூண்டு தட்டிப் போட்டியாட்டி?" என்று கேட்டாள்.

"போட்டேம்மா! நான்தான் தட்டினேன்!"

இன்னும் ஒரு வாய் எடுத்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பெரியவள் ஒரு முழுப் பூண்டை உரித்துத் தட்டிவிட்டாள். அம்மாவுக்குப் பூண்டுதான் பிடித்தது என்று அவள் கணக்கு. கண்ணில் நீர் வருகிற அளவுக்குப் பூண்டு நெடி. தட்டு அப்படியே திரும்பி வந்தது. அடுத்த நாளும் அப்படியே. கொஞ்ச நாளில் கீரைப் பெட்டி மொட்டையாகிவிட்டது.

சேச்சி சொல்லித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அவளிடம் ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். என்னைத் தனியாக அழைத்து, இது மனசின் தளர்ச்சி என்றார். மாத்திரை எழுதினார். "வீட்டில சந்தோஷமாயிட்டு இருக்கணும், கேட்டோ" என்றார். மாத்திரை போட்டால் தூங்கினாள். பகலும் தூங்கினாள். விழித்திருந்தபோதாவது கண் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் இல்லை. சின்னவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் இமையைக் கையால் தூக்கிப் பார்ப்பாள்.

மாத்திரை தீர்ந்தது. பிறகு அவளே வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை.

இதற்கிடையில் வெண்டை பூத்தது. மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. முதல் காயைப் பறிக்கச் சின்னவள் விடவில்லை. "பாவம், குட்டி" என்பாள். அது முற்றி, நார் விட்டு, கத்தி இறங்காமல் போனது. அதையும் குழம்பில் போட்டோம். மூன்று பேரும் சக்கையைத் துப்பித் துப்பிச் சாப்பிட்டோம். சின்னவளுக்கு வாய்ப்புண் ஆறியிருந்தது. பெரியவள் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. சேச்சி, "குட்டிகள் நன்னாயி" என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கத்தரிக்கு நாள் பிடித்தது. செடி முழங்கால் உயரம் வந்து, ஊதாப் பூ விட்டு, பூவெல்லாம் உதிர்ந்து, மறுபடி விட்டு, கடைசியில் பட்டாணி அளவில் ரெண்டு மூன்று பிஞ்சு பிடித்தது. "உங்க ஊர்க் கத்தரி மாதிரியே பிடிச்சிருக்கு" என்று அவளிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தாள். உடனே நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த ஒரு நாள் கிட்டங்கியிலிருந்து மத்தியானமே வந்துவிட்டேன். ஒரு வேலைநிறுத்தம், கதவைச் சாத்திவிட்டார்கள். வரும் வழியில் பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்தால் பாய் சுருட்டி வைத்திருந்தது. அவள் இல்லை. கால்வாய்தான் முதலில் நினைவுக்கு வந்தது. முற்றத்துக்கு ஓடினேன்.

அவள் முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். பக்கத்தில் சின்னவள், அம்மா எழுந்து வந்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தபடி. பெட்டிகள் எல்லாம் காலியாக இருந்தன. கத்தரி, வெண்டை, இரண்டாம் தடவை போட்டு விரலளவு வந்திருந்த கீரை, ஓரத்தில் ஊன்றியிருந்த மிளகாய்க் கன்று, எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டி, வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கமாக ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள். ஊரில் களை பறித்தால் அப்படித்தான் வரப்பில் அடுக்குவார்கள்.

"என்ன செஞ்ச நீ?" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி ஒரு தெளிவு. "ஒரே களையா மண்டிக் கிடந்திச்சு" என்றாள். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

கத்தினால் மறுபடி போய்ப் படுத்துவிடுவாள் என்று பயம். கத்தாமல் நிற்கவும் முடியவில்லை. பெரியவள் அந்த அடுக்கின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கத்தரிச் செடியைத் தொட்டுப் பார்த்தாள், பிஞ்சைத் தடவினாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஏழு வயதுகூட நிரம்பாத பிள்ளை, எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னது:

"கீரை இளசா இருக்குப்பா. வாடறதுக்குள்ள ஆய்ஞ்சிடுவோம்."

ஆய்ந்தோம். நான்கு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து ஆய்ந்தோம். என் மனைவி வேரைக் கிள்ளிப் போட்டு, தண்டை ஒடித்து நார் எடுத்தாள். அவள் விரலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வெண்டைப் பிஞ்சையும் அந்தக் கத்தரிப் பிஞ்சுகளையும் சேர்த்து ஒரு புளிக்குழம்பு. கீரை தனியாக. அவளே ஸ்டவ் முன்னால் நின்றாள். தாளிக்கும் சத்தம் கேட்டுச் சேச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, கையைக் கூப்பி மேலே பார்த்துக் கும்பிட்டார். பெட்டிகளை அவர் கவனிக்கவில்லை.

அன்று அவள் எங்களோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். சின்னவளுக்கு ஊட்டிவிட்டாள். கத்தரிப் பிஞ்சு லேசாகக் கசந்தது. நான் அதை மென்றுகொண்டே, போனால் போகட்டும், இன்னொரு தடவை விதை போட்டுக்கொள்ளலாம், இவள் எழுந்துவிட்டாளே என்று நினைத்தேன். பிள்ளைகள் இரண்டும் அவளை ஒட்டிக்கொண்டே தூங்கின.

காலையில் பாய் விரித்தபடி இருந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "இந்தா" என்று கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். பழையபடி கட்டை மாதிரி இருந்தாள்.

பிறகும் விதை போட்டோம். ஆனால் பிள்ளைகளுக்கு முன்பு இருந்த ஆசை இல்லை. "அம்மா பிடுங்கிரும்" என்று சின்னவள் பெட்டிகள் பக்கம் வரவே மாட்டாள். பெரியவள் மட்டும் பள்ளிக்கூடம் போகும் முன்னால் தண்ணீர் ஊற்றுவாள், ஊற்றிவிட்டு அறைக் கதவை வெளியே தாழிடுவாள். அதை நான் ஒரு நாள் பார்த்தேன். "ஏன் அப்படிச் செய்யுத?" என்று கேட்டேன். "செடிக்குத்தான்" என்றாள். அன்றோடு நானே பெட்டிகளில் எதுவும் போடுவதை விட்டுவிட்டேன். இருப்பது வளரட்டும் என்று விட்டேன்.

அந்தச் சித்திரையில் அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து வந்தார். தங்கை கிடந்த கிடையைப் பார்த்ததும் வாசலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"மாப்ள, நீங்க ஒண்ணும் குறை வைக்கல. அது எனக்குத் தெரியும். ஆனா இந்தத் தண்ணியும் இந்தக் காத்தும் அவளுக்கு ஒத்துக்கல. ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். தோட்டத்துல இருந்தா மனசு திரும்பும்."

"பிள்ளைய ரெண்டும் இருக்கே மச்சான்."

"சின்னதும் வரட்டும். தாயை விட்டுட்டு எப்படி இருக்கும்? பெரியவ படிக்கா. அவ உங்ககூட இருக்கட்டும். மழை முடிஞ்சு எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்."

எனக்கும் அதுதான் தோன்றிக்கொண்டிருந்தது. கத்தரியைப் பற்றி அவள் சொன்னதே அந்த ஊரை நினைத்துத்தானே. எர்ணாகுளத்தில் பஸ் ஏற்றிவிடப் போனோம். சின்னவளுக்குப் பஸ்ஸில் போகிற சந்தோஷம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். என் மனைவி எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவள் பஸ் மறையும்வரை கையை ஆட்டினாள்.

நாங்கள் இரண்டு பேரும் பழக்கத்தில் நாலு பேருக்கு உலை வைத்துவிடுவோம். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாளும் அதையே சாப்பிடுவோம். மழை தொடங்கி, கடலும் ஏறி, கால்வாய் சுவருக்கு மேலே வழிந்து வந்தது ஒரு நாள். முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். செங்கல் சரிந்து தேயிலைப் பெட்டிகள் மிதந்தன. பலகை விட்டு, ஈயத்தாள் உரிந்து, களமசேரிச் செம்மண் கரைந்து அந்தக் கறுப்புத் தண்ணீரோடு கலந்தது. பெரியவள் அடுப்படி மேடையின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுக்கணுமாப்பா?" என்று கேட்டாள். "வேண்டாம்" என்றேன்.

மழை நின்றதும் ஊருக்குப் போனோம். மச்சான் தோட்டம் ஆற்றுப் பாசனம். சர்க்கரை மாதிரி தண்ணீர். தொட்டால் பொலபொலவென்று உதிர்கிற மண். கண்ணுக்கு எட்டிய மட்டும் கத்தரி. ஒவ்வொரு செடியும் காயின் கனத்தில் வளைந்து கிடந்தது. தோட்டத்து நடுவில் மோட்டார் அறை நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டு அவளை அதில் உட்கார வைத்திருந்தார்கள். செடிகளுக்கு முதுகைக் காட்டி, அறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திருப்பி உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பிக்கொண்டாள்.

மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார். அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. உப்பு மண்ணோ நல்ல மண்ணோ, அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் பெட்டி சுமந்ததும் மண் கொண்டுவந்ததும் அவள் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

சின்னவள் மாமன் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஓடிவந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அவர்களிடம் ஓடிவிட்டாள். கூப்பிட்டபோது, வரமாட்டேன் என்று அத்தைக்குப் பின்னால் ஒளிந்தாள். விட்டுவிட்டுத்தான் வந்தோம்.

வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ போய் வந்தேன். என் மனைவி எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். உடம்பில் ஒன்றும் இருக்கவில்லை. தூக்கும்போது கனமே தெரியவில்லை. சின்னவள் அங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். பெரியவளுக்கு மலையாளம்தான் எழுத வரும். அக்காளும் தங்கையும் ஒருவருக்கொருவர் எழுதினாலும் மற்றவள் வாசிக்க முடியாது. அதனால் எழுதவே இல்லை.

காரியம் முடிந்த மறுவருஷப் பள்ளி விடுமுறையில் சின்னவளை மட்டாஞ்சேரிக்கு அழைத்து வந்தேன். வளர்ந்திருந்தாள். என்னை, "நீங்க சாப்ட்டியளா?" என்று கேட்டாள், மாமா வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல. பெரியவள் விடிந்ததுமே பஜாருக்குப் போய் ஒரு கட்டுச் சிவப்புக் கீரை வாங்கி வந்தாள்.

"ஞாபகம் உண்டாட்டி? நீ தண்டை எல்லாம் இலைகிட்டப் போடுவே. சட்டியில சுருங்கினதும் அழுதே."

சின்னவள் யோசித்துப் பார்த்தாள். அக்காளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான்.

"இல்லக்கா. எனக்கு இந்த வீடே ஞாபகம் இல்ல."

"முற்றத்துல பெட்டி வெச்சது? பூச்ச எல்லாம் வந்தது?"

"பூச்சன்னா?"

"பூனை" என்றேன் நான்.

சின்னவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பெரியவள் எழுந்தாள். கீரையை ஆய்ந்து சமைத்து மூன்று பேருக்கும் பரிமாறினாள். சின்னவள் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, அங்கே அத்தை தேங்காய் அரைத்து வைப்பாள் என்று சொன்னாள். ஒரு வாரத்துக்கு என்று வந்தவள். நாலாம் நாளே, மாமாவைத் தேடுது என்று முகம் சுண்டி உட்கார்ந்துவிட்டாள். கொண்டுபோய் விட்டுவிட முடிவு செய்தேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஊர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு போவதாக இருந்தார். அவர்களோடு எர்ணாகுளத்தில் பஸ் ஏற்றிவிட்டோம். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பஸ் நகர்ந்தபோது லேசாகச் சிரித்தாள், அக்காளைப் பார்த்து ஒரு தடவை, என்னைப் பார்த்து ஒரு தடவை.

திரும்பி வரும் படகில் பெரியவள் ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மட்டாஞ்சேரித் துறையில் இறங்கும்போது, "ராத்திரிக்கு எந்தா வைக்கட்டும்பா?" என்று கேட்டாள்.

"பசி இல்லம்மா. உனக்கு என்ன வேணுமோ வை" என்றேன்.

"எனக்கும் வேண்டாம்" என்றாள். சாயாக்கடையில் ஆளுக்கு ஒரு சாயா குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம்.